அம்மிக்கல்லின் சொந்த ஊர்

பருவத்தின் பதினான்காம் வாரம் வந்துவிட்டால் வளாகமே ஒரு மாதிரி ஆகிவிடும். மற்ற துறை நண்பர்கள் பழைய தேர்வுத் தாள்களைத் தேடி நூலகத்துக்கு ஓடுவார்கள். நிலவியல் மாணவர்களாகிய நாங்களோ சுத்தியல்களைத் துடைத்து எண்ணி ஒப்படைக்க வேண்டும். திசைகாட்டிகளைச் சரிபார்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் கலைத்துப் போட்ட பாறை மாதிரிகளை அதனதன் இழுப்பறையில் மீண்டும் அடுக்க வேண்டும். (நிலவியல் என்றதும் நிலாவைப் பற்றிய படிப்பா என்று கேட்காத உறவினர் எனக்கு இல்லை. நிலத்தைப் பற்றியது, ஐயா!)

"கல்லப் படிச்சு என்ன செய்யப் போற?" என்பது ஒவ்வொரு தீபாவளிக்கும் என் மாமா கேட்கும் கேள்வி. 2024 ஆகஸ்டு 23-ஆம் நாள் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா சாலையில் நடைபாதை திடீரென உள்வாங்கி, ஆந்திராவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணியை விழுங்கியது. ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. நம்மவர்கள் துணியெடுக்கப் போகும் அதே சாலை! அதன் பிறகு மாமாவின் கேள்வி மாறிவிட்டது. "நம்ம வீட்டுக்குக் கீழ என்ன கல்லு இருக்கு?" என்கிறார். தலைநகரின் பெரும்பகுதிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை இருப்பதையும், மழைநீர் அதை மெல்லக் கரைத்துப் பொந்துகளை உண்டாக்குவதையும், பத்துமலைக் குகைகள் பிறந்ததும் அப்படித்தான் என்பதையும் சொன்னேன். முதன்முறையாக என்னை இடைமறிக்காமல் கேட்டார்.

சரி, கடைசி வகுப்புக்கு வருகிறேன். எங்கள் பாறையியல் விரிவுரையாளர் பத்தாம் வாரத்திலேயே ஒரு வேலை கொடுத்திருந்தார். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு கல் கொண்டு வர வேண்டும். அதன் பெயரையும் அது பிறந்த இடத்தையும் கடைசி வகுப்பில் சொல்ல வேண்டும். பிறகு அது சீட்டு ஒட்டப்பட்டுத் துறையின் இழுப்பறைக்குப் போய்விடும். ஈப்போ தோழி பளிங்குத் துண்டு ஒன்றைக் கொண்டு வந்தாள். லங்காவி நண்பன் கொண்டு வந்த மணற்கல், நாட்டின் மிகப் பழைய பாறைகளுள் ஒன்றான மாச்சின்சாங் பாறையாம். ஏறத்தாழ 50 கோடி ஆண்டு வயது. நான் கொண்டு போனது எங்கள் வீட்டு அம்மியின் உடைந்த விளிம்பு.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டைக் காலி செய்து தாமான் வீட்டுக்கு மாறியபோது, லோரியிலிருந்து இறக்கையில் உடைந்த துண்டு அது. 1930களில் அம்மாவின் பாட்டி சேலத்திலிருந்து கப்பலேறி வந்தபோது கொண்டு வந்த அம்மி என்பது எங்கள் குடும்ப வரலாறு. பத்திரமோ புகைப்படமோ எதுவும் எங்களிடம் இல்லை. சேலத்துக்குச் சாட்சி அந்தக் கல் ஒன்றுதான்.

ஆய்வுக்கூடத்தில் அதை வைரப்பல் இரம்பத்தால் அறுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தார்கள். அந்தக் கனத்தில் கல்லுக்குள் ஒளி புகும். நுண்ணோக்கியில் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் குவார்ட்ஸ், பழுப்பு நிறத்தில் பயோடைட், நடுவே கைலித்துணிக் கட்டம் போட்ட மைக்ரோக்ளைன். கல்லிலோ விரல்நுனி அளவு பெரிய வெண்ணிறப் படிகங்கள். அடுக்கு அடுக்கான நெளிவு எதுவுமில்லை. இந்த முகத்தை ஆண்டு முழுவதும் பார்த்திருக்கிறேன். தித்திவாங்சா மலைத்தொடரின் கிரானைட். 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உறைந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் விளையக் காரணமானது.

விரிவுரையாளர் அவசரப்படவில்லை. தமிழ்நாட்டிலும் கிரானைட் உண்டு, பார்வையை மட்டும் நம்ப முடியாது என்றார். கல்லை இடித்து அதிலுள்ள சிர்க்கான் மணிகளைப் பிரித்து, யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக் கொண்டு வயதைக் கணித்தால் தெரிந்துவிடும். 20 கோடி என்றால் இந்த நாட்டுக் கல். 50 கோடிக்கு மேல் என்றால் அந்த நாட்டுக் கல். ஒரு கைப்பிடிக்கு மேல் கல் வேண்டும். அதாவது, மிச்ச அம்மியில் கை வைக்க வேண்டும்.

அன்றிரவு விடுதியிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

"பாட்டி பொய் சொல்லியிருப்பாங்கன்னு சொல்றியா?"

"இல்லம்மா. கல்லு அப்படிக் காட்டுது."

"அத்தன பெரிய கல்ல ஒத்த பொம்பள எப்படிச் சுமந்து வந்தாங்கன்னு நானும் சின்ன வயசுல கேட்டிருக்கேன். அதுக்குப் பாட்டி பதிலே சொல்ல மாட்டாங்க." பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "குழவி வேற நிறமாச்சே மா, அதப் பாத்தியா?" என்றார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆமாம், குழவி கறுப்பு! சென்னைக்கு அருகே பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் ஒரு கரும்பாறை உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு வைத்த கல் அதுதான். 1890களில் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அதற்குச் சார்னக்கைட் என்று பெயரிட்டார். நம் ஊர்க் கல்லுக்கு அவர் பெயர்! வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. சேலம் வட்டாரத்திலும் அந்த இனம் உண்டு.

கடைசி வகுப்பில் சீட்டு எழுதும் நேரம் வந்தது. எண், பாறை, இடம் என்று மூன்று கட்டங்கள். இடம் எழுதாத மாதிரியை இழுப்பறையில் வைக்க விட மாட்டார்கள். "லயத்து வீட்டுச் சமையலறை, சுங்கை சிப்புட், பேராக்" என்று எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விடுமுறைக்கு வீடு போனதும் முதல் வேலையாகக் குழவியைக் கழுவி, வெயிலில் வைத்துக் கைவில்லையால் பார்த்தேன். கரும்பச்சை, எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு, வெண்படிகம் ஒன்றுகூட இல்லை. ஒரு சிறு சீவல் கிடைத்தால் போதும் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அதெல்லாம் முடியாது. கொடு இப்படி, சம்பல் அரைக்கணும்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.