பிடிப்பதும் விடுவதும்

அம்பத்தூர்வாசி ஒருவர் தம் மோட்டார் வண்டியில் 'குரூஸ் கண்ட்ரோல்' வைத்திருக்கிறார் என்று கேள்விப்படுகிறவர்கள் முதலில் சிரிக்கத்தான் செய்வார்கள். அது நியாயமே. அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து பாடி போகும் சாலையில் பஸ், தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ, பசுமாடு ஆகிய சகலரையும் அனுசரித்து வண்டி நகர்ந்தாலே பாக்கியம். இதில் வேகத்தை ஒரே அளவில் காப்பாற்ற ஒரு யந்திரம் வேறா? ஆனால் பூந்தமல்லியைக் கடந்து, ஸ்ரீபெரும்புதூரையும் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையில் ஐந்தாறு மணி நேரம் வண்டி ஓட்டியவர்கள் சிரிக்கமாட்டார்கள். வலது பாதத்தை ஆக்ஸிலரேட்டர்மீது ஒரே நிலையில் வைத்திருப்பதால் முழங்கால் படும் பாட்டை அவர்கள் அறிவார்கள். நமது முழங்காலும் அறியும்.

நம்மிடம் இருப்பது ஸ்டாண்டர்டு 2000. சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1985 முதல் 1988 வரை உற்பத்தியான வண்டி. உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, உள்ளே குடியேறிய 1,991 சி.சி. எஞ்சினோ பழைய வான்கார்ட் வண்டியின் வம்சம். புது மாப்பிள்ளைக்குத் தாத்தாவின் இருதயத்தை வைத்தாற்போல! பெட்ரோல் பருகுவதில் தாராளம், விலையும் அதிகம். ஆகவே சொற்ப காலத்திலேயே அதன் கதை முடிந்தது. இன்று உதிரி பாகம் கேட்டுப் போனால் கடைக்காரர் நம்மைத் துக்கம் விசாரிப்பதுபோல் பார்க்கிறார். இவ்வண்டியை நமக்கு விற்றவர், வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த குரூஸ் கண்ட்ரோல் ஒன்றை அதில் பொருத்தியிருந்தார்.

இந்தக் கருவியின் சரித்திரமே ரசமானது. இதைச் சிந்தித்தவர் கண்பார்வை இல்லாதவர். அமெரிக்காவின் ரால்ப் டீட்டர் ஐந்து வயதில் விபத்தொன்றில் பார்வை இழந்தார். ஆயினும் பெரிய எஞ்சினியரானார். அவருடைய வக்கீல் வண்டி ஓட்டும்போது, தாம் பேசினால் வேகம் குறையுமாம். பிறர் பேசுவதைக் கேட்டால் வேகம் கூடுமாம். இந்தக் குலுக்கலில் சலித்துப்போன டீட்டர் யோசிக்கலானார் என்பார்கள். அவருக்கு 1950-இல் பேடண்ட் கிடைத்தது. 1958-இல் கிறைஸ்லர் கம்பெனியின் வண்டிகளில் இக்கருவி வந்தது.

நம் வண்டியில் இருந்தது அதற்குப் பிந்திய ரகம். புரொப்பெல்லர் ஷாப்டில் ஒட்டிய காந்தம் சுழலும்போது, அருகிலுள்ள கம்பிச் சுருள் வேகத்தைக் கணக்கிட்டுச் சிறு பெட்டிக்குச் சொல்லும். எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயிலுள்ள வெற்றிட சக்தியைக் கொண்டு, அந்தப் பெட்டி ஒரு ரப்பர்ச் சவ்வை இழுக்கும். சவ்வு மணிச் சங்கிலியை இழுக்க, சங்கிலி கார்புரேட்டரின் திராட்டிலைத் திறக்கும். பிரேக்கை மிதித்ததும் பிடியை விட்டுவிடவேண்டும். இவ்வளவுதான் அதன் தர்மம்.

முதலில் வந்த கோளாறு சாதுவானது. ஒருநாள் பொத்தானை அழுத்தினால் கருவி பிடிக்கவே இல்லை. எஸ்டேட்டை ஒட்டிய சந்தில் பட்டறை வைத்திருக்கும் முதியவரிடம் போனோம். எல்லோருக்கும் அவர் 'மேஸ்திரி'தான். பெட்டியைத் திறப்பார் என்று எதிர்பார்த்தோம். அவரோ வண்டிக்குப் பின்னால் போய் நின்று, "சார், பிரேக்கை மிதிங்க" என்றார். விளக்கு எரிந்தது.

"எப்போ எல்.ஈ.டி. பல்பு போட்டீங்க?"

"போன மாதம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், மேஸ்திரி?"

சம்பந்தம் இருந்தது. பிரேக்கை மிதிக்காதபோது, பழைய பல்பின் இழை வழியாகவே இந்தப் பெட்டி 'எர்த்' தேடிக்கொள்கிறது. அது கிடைத்தால், "பிரேக் ஓய்வாக இருக்கிறது, பிடிக்கலாம்" என்று அறிகிறது. எல்.ஈ.டி. பல்பில் அந்த இழை கிடையாது, எர்த்தும் கிடைக்கவில்லை. பழைய பல்பை மாட்டியதும் கருவிக்கு உயிர் வந்தது. சந்தேகம் வந்தால் வேலை செய்யாமல் இருப்பதே உத்தமம் என்று அதை அமைத்தவர்கள் கருதியிருக்கிறார்கள். அந்தப் புத்திசாலித்தனத்தை அன்று நாம் மெச்சினோம்.

இரண்டாவது கோளாறு அப்படிச் சாதுவானதல்ல. குடும்பத்தோடு காஞ்சிபுரம் போய்க்கொண்டிருந்தோம். ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால், மணிக்கு 75 கிலோமீட்டர் வேகம். முன்னே ஒரு டிராக்டர் திரும்பியது. பிரேக்கை மிதித்தோம், வண்டி தயங்கிற்று, ஆனால் எஞ்சின் தணியவில்லை. கிளட்சை அழுத்தியதும் எஞ்சின் பேய்போல் அலறியது. சாவியை ஒரு படி திருப்பி எஞ்சினை நிறுத்தினோம். டிராக்டர் தன் பாட்டுக்குப் போயிற்று. நடந்தது சில விநாடிகளே. பின்னாசனத்தில் இருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு நெடுநேரம் பேச்சே எழவில்லை.

மேஸ்திரி இம்முறை அவசரப்படவில்லை. எஞ்சினை நிறுத்தி வைத்து, திராட்டிலைக் கையால் திறந்து விட்டார்; சட்டென்று மூடிக்கொண்டது. சங்கிலி எங்கும் சிக்கவில்லை. பிறகு கைப்பம்பினால் சவ்வை இழுத்துவைத்துப் பார்த்தார். அது நன்றாகவே பிடித்தது. ஆனால் காற்றை உள்ளே விட்டபோது மெல்ல மெல்லத்தான் தளர்ந்தது. காற்று நுழையும் வாசலிலிருந்த வடிகட்டியைத் தூசி அடைத்திருந்தது. அது தவறினால் உதவுவதற்கென்று பிரேக் பெடலில் தனியாக ஒரு காற்று வால்வு உண்டு. அதன் ரப்பர் உப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு இரண்டு காவலாளிகள், இருவரும் தூங்கிவிட்டார்கள்!

"சுத்தம் பண்ணி, ரப்பர் வெட்டிப் போட்டால் ஓடாதா?" என்று கேட்டோம்.

"ஓடும் சார். ஓடுறது பெரிசில்லை, விடணும். நான் வெட்டுற ரப்பர் பெட்ரோல் ஆவியிலே எத்தனை நாள் தாங்கும்னு எனக்கே தெரியாது. தெரியாததை உங்க பிள்ளைங்க உட்காருற வண்டியிலே மாட்டமாட்டேன்."

எதையும் செய்துதரக்கூடிய ஊர் அம்பத்தூர். பிரேக், சக்கரம், மின்சாரச் சாமான் என்று வண்டியின் பாதி அங்கங்கள் பாடியிலேயே பிறக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு தொழிலாளி, "இதைச் செய்யமாட்டேன்" என்று சொன்னதில் ஒரு கௌரவம் இருந்தது. நாம் மறுபேச்சுப் பேசவில்லை.

புதிதாக வாங்கிய கருவிக்கு வெற்றிடம் வேண்டியதில்லை. சிறு மின்சார மோட்டார் திராட்டிலை இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே மின்காந்தக் கிளட்ச் இருக்கிறது. மின்சாரம் நின்றால் காந்தம் விட்டுவிடும். ஸ்பிரிங் திராட்டிலை மூடிவிடும். வீட்டில் கரண்டு போனால் நமக்குக் கோபம் வரும். இங்கே கரண்டு போவதே காவல்! இந்த வண்டிக்கென்று தாங்கி எவரும் விற்பதில்லை. லேத் பட்டறையில் இரும்புத் தகட்டை அளந்து வெட்டித் துளையிட்டு வாங்கினோம். பிரேக் பெடலுக்கு இரண்டு ஸ்விட்ச்: ஒன்று விளக்குக்கு, மற்றொன்று காந்தத்தின் மின்சாரத்தை நேராக வெட்டுவதற்கு. கிளட்ச் பெடலுக்கு ஒன்று. திராட்டிலுக்கு இரண்டாவது ஸ்பிரிங். எல்லாவற்றுக்கும் மேலாக, கைக்கெட்டும் இடத்தில் ஒரு மெயின் ஸ்விட்ச்.

சோதனைக்கு விடியற்காலையில் பைபாஸ் சாலைக்குப் போனோம். கருவி எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க நமக்கு ஆவல். மேஸ்திரி அதைக் கவனிக்கவே இல்லை. "பிடிங்க, விடுங்க, பிடிங்க, விடுங்க" என்று இருபது தடவை சொன்னார். பிரேக்கால் ஏழெட்டு, கிளட்சால் ஏழெட்டு, மிச்சம் ஸ்விட்சால். இருபதும் சரியாக விட்ட பிறகுதான், "இப்போ பிடிக்குதான்னு பாருங்க" என்றார்.

பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு நமது விண்ணப்பம் இதுவே. முன்னவர் பொருத்திய இத்தகைய கருவி உங்கள் வண்டியில் இருந்தால், அது வேலை செய்கிறது என்பதோடு திருப்தி அடையாதீர்கள். எஞ்சினை நிறுத்திவைத்துத் திராட்டில் தானாக மூடுகிறதா என்று பாருங்கள். பெடல் ஸ்விட்சுகளை ஆண்டுக்கொரு முறையேனும் சோதியுங்கள். மெயின் ஸ்விட்ச் எங்கே என்று வண்டியில் ஏறும் மற்றொருவருக்கும் சொல்லிவையுங்கள். நம் வண்டியில் அந்த இடம் இப்போது குழந்தைகளுக்கும் தெரியும்.