புகைக்குண்டு

வல்வெட்டித்துறையில் சித்திரா பௌர்ணமி இரவு இந்திரவிழா. அம்மன் கோயில் தீர்த்தம் முடிந்த கையோடு ஊர் முழுக்க விளக்கும் மேளமும்தான். எனக்கு மட்டும் விழா நாலைந்து நாள் முன்பே தொடங்கிவிடும். குஞ்சையா விறாந்தையில் ரிசுத்தாள் விரிக்கிற அன்று.

நீலத்தாளை இதழ் இதழாக வெட்டி, கோதுமை மாப் பசையால் ஓரத்தோடு ஓரம் ஒட்டுவார். வாய்க்கு மூங்கில் வளையம், குறுக்கே கம்பி, கம்பியின் நடுவில் மண்ணெண்ணெயில் ஊறிய சீலைப் பந்தம். பசை காயும்வரை வாயால் ஊதுவது எங்கள் வேலை. ஒரு பயனும் இல்லாத வேலை என்று பிறகுதான் விளங்கியது. கை வைக்காமல் இருக்கத் தந்த வேலை அது.

பாடம், குண்டு விடுகிற நேரத்தில். நான் அப்போது பாலர் வகுப்பு. நாலு பேர் தாளைத் தூக்கிப் பிடிக்க, கீழே வைக்கோல் எரியும். துவண்டு கிடந்தது மெல்ல உப்பிக்கொண்டு வரும்.

“உள்ளுக்க சூடு. வெளியில?”

“குளிர்!”

“குளிர்க்காத்து பாரம். சூட்டுக்காத்து?”

“லேசு!”

சித்திரைப் புழுக்கத்தில் வியர்வை வழிய வழியக் ‘குளிர்’ என்று கத்தியிருக்கிறோம். ஆனாலும் அவர் சொன்னதில் பிழையில்லை. ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ, 100 பாகைக்குச் சூடாக்கினால் அதே இடத்தில் 950 கிராம்தான் நிற்கும். அந்தக் கால் கிலோ வித்தியாசந்தான் தாளையும் பந்தத்தையும் தூக்குகிறது. வெளியிலும் அதே சூடென்றால் குண்டு அசையாது. பிழை பெயரில்தான், தூக்குவது புகையல்ல. 1783இல் பிரான்சில் பலூன் விட்ட மொங்கொல்பியர் சகோதரர்களும் புகையைத்தான் நம்பி வைக்கோலும் கம்பளியும் எரித்தார்கள். ஏமாந்தது எங்கள் ஊர் மட்டுமல்ல.

கையை விட்டதும் குண்டு ஒருக்கால் தள்ளாடி, பனைகளைத் தாண்டி ஏறியது. “கிட்ட... தூர. பெரிசு... சின்னன்” என்று குஞ்சையா சொல்லிக்கொண்டே வந்தார். காற்று வடக்கே இழுத்தது. பந்தம் அணைய, நீலக்குண்டு கடலுக்குள் இறங்கிப்போனது. நான் அழுதேன்.

பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று ரீச்சர் எதிர்ச்சொல் கேட்டார். “மேலே?”

“கடல்” என்றேன்.

வகுப்பே சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. கிட்ட வந்து, “அந்த நீலக்குண்டு உங்கடையோ?” என்று கேட்டார்.