என் கணினிக்கு மட்டும் தெரிந்த முகவரி

எங்கள் இணையதளத்தில் எழுதும் பெண்களில் பாதிப் பேர் புனைபெயரில்தான் எழுதுகிறார்கள். ராஜபாளையத்து நூற்பாலையில் வேலை பார்க்கிறவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைக்குக் கணக்கு எழுதுகிறவர், என்னைப் போல வகுப்பெடுக்கிறவர் என்று பலர். அழகுக்காக வைத்துக்கொண்ட பெயர்கள் சில. வீட்டில் தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று வைத்துக்கொண்டவையே அதிகம். பழைய சர்வர் வாரத்துக்கு இருமுறை படுத்துக்கொள்ள, தளத்தை வேறு சர்வருக்கு மாற்ற முடிவெடுத்தோம். ஆலையில் வேலை பார்க்கிறவர் கேட்டது ஒரே கேள்விதான்: "டீச்சர், மாத்தும்போது என் பேரு வெளிய வந்துராதுல்ல?"

மாற்றுவதில் இரண்டு காரியங்கள் உண்டு. எழுத்துகளையும் படங்களையும் புதிய சர்வருக்கு நகலெடுப்பது ஒன்று. நம் டொமைன் பெயரைக் கேட்டு வருகிறவர்களை இனிப் புதிய எண்ணுக்கு அனுப்பச் சொல்லி டிஎன்எஸ்ஸில் திருத்துவது மற்றொன்று. இரண்டாவதைச் செய்துவிட்டால் ஊரே புது வீட்டுக்குள் வந்துவிடும். அதற்கு முன்னால் உள்ளே போய்ப் பார்க்க வழி உண்டா என்று சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் பழைய மாணவியிடம் கேட்டேன்.

"ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல ஒரு வரி எழுதுங்கம்மா. உங்க லேப்டாப்புக்கு மட்டும் புது வீடு தெரியும்" என்றாள்.

விண்டோஸில் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி. அங்கே ஹோஸ்ட்ஸ் என்றொரு சின்னக் கோப்பு இருக்கிறது. நோட்பேடை நிர்வாகி அனுமதியோடு திறந்து, கடைசியில் புதிய சர்வரின் ஐபி எண், ஓர் இடைவெளி, எங்கள் டொமைன் பெயர். அவ்வளவுதான். அதன்பின் என் கணினி அந்தப் பெயருக்கு வெளியே யாரிடமும் வழி கேட்காது.

அந்தக் கோப்புக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டில் எந்தக் கணினிக்கு எந்தப் பெயர், எந்த எண் என்ற பட்டியல் கலிஃபோர்னியாவில் ஒரே இடத்தில் இருந்தது. அதைப் பராமரித்த தகவல் மையத்தை 1989 வரை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர், வேதியியல் படித்தவர். புதுக் கணினிக்குப் பெயர் வேண்டுமென்றால் அவர் அலுவலகத்தில்தான் பதிய வேண்டும். கணினிகள் பெருகப் பெருக ஒரே பட்டியல் தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அவர் பெயர் பாடப்புத்தகங்களில் வருகிறது. ஃபைன்லரைப் பற்றி என் கணினித்துறைச் சகாக்களிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. பட்டியல் எழுதுவதை எழுத்தர் வேலை என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம்தானே.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கு இந்தச் சோதனையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆண்டாள் கோயிலில் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. பெருமாளுக்குப் போகவேண்டிய மாலையைக் கோதை முதலில் தான் சூடி அதில் பார்த்தாள் என்பது கதை. கொடுத்தனுப்புவதற்கு முன் தன் கண்ணால் சரிபார்த்தவள் அவள் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

முதலில் தெரிந்தது தமிழே இல்லை. தலையில் கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்'உமாகப் பக்கம் முழுக்க ஓடியது. யூனிகோடு எழுத்துகளை லத்தீன் என்று நினைத்துத் தரவுத்தளம் வாசித்ததால் வந்த கோலம்; குறியாக்கத்தைத் திருத்தியதும் சரியானது. பாதுகாப்புச் சான்றிதழ் இல்லை என்று பிரௌசர் மிரட்டியது. அதை டிஎன்எஸ் சரிபார்ப்பு வழியாக முன்கூட்டியே வாங்கினோம்.

மூன்றாவதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. புதிய வடிவமைப்பு, கவிதைக்குக் கீழே புனைபெயரை விட்டுவிட்டு, பதிவேட்டில் இருந்த முதற்பெயரையும் தந்தை பெயரையும் அச்சிட்டிருந்தது. பெயரைச் சொடுக்கினால் திறக்கும் பக்கத்தின் முகவரியிலும் அதே சொந்தப் பெயர். பழைய வடிவமைப்பில் அந்தப் பக்கத்துக்கு இணைப்பே கிடையாது. பதினான்கு பெண்கள். மாணவியும் நானும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து, ஒவ்வொரு பதிவாக, ஓடை வரை பார்த்து மாற்றினோம்.

ஆலைக்காரரிடம் "சரியாகிவிட்டது" என்று போனில் சொல்ல மனம் வரவில்லை. இணைப்பை அனுப்பினாலும் அவர் போன் பழைய சர்வருக்குத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். தன் ஏழு கவிதைகளையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். பிறகு, "இப்ப மாத்துங்க டீச்சர்."

டிடிஎல் என்னும் காலக்கெடுவை இரண்டு நாள் முன்பே 86400 நொடியிலிருந்து 300க்குக் குறைத்திருந்தோம். இரவு பத்தரைக்கு எண்ணைத் திருத்தினோம். ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிய வரியை அழித்துவிட்டு, மற்றவர்கள் வரும் வழியிலேயே நானும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தேன். பழைய சர்வரை இன்னும் ஒரு வாரம் அணைக்காமல் வைத்திருந்தோம்.