பூட்டின வீடு... திறக்காத சாவி!

அமிர்தசரஸ்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பொற்கோவில், ஜாலியன்வாலா பாக், எல்லையில் காலைத் தலைக்கு மேல் தூக்கி அடிக்கிற வீரர்கள், டம்ளர் வழிய வழிய லஸ்ஸி. காலேஜ் டூர் போகிற கூட்டம் இந்த நாலையும் ஒரே நாளில் முடித்துவிட்டு ரயில் ஏறிவிடும்.

ஐந்தாவதாக ஒரு இடம் இருக்கு நண்பர்களே. பொற்கோவிலில் இருந்து நடந்தே போய்விடலாம். பழைய டவுன் ஹால் கட்டடம். 2017 ஆகஸ்ட்டில் இருந்து அங்கேதான் பிரிவினை அருங்காட்சியகம் இருக்கு. ராஜாவின் வாளோ, ராணியின் நகையோ இங்கே தேடாதீங்க. டிரங்குப் பெட்டி, பாத்திரம், பழைய கடிதம், துணிமணி... நம்ம வீட்டுப் பரணில் கிடக்குமே, அதே மாதிரி சாமான்கள்தான். ஒரு வித்தியாசம். இவை எல்லாமே வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள் கையில் பிடித்துக்கொண்டு வந்தவை.

ஐந்தே வாரம்!

1947 ஜூலை 8. லண்டன் வக்கீல் சிரில் ராட்கிளிஃப் டெல்லியில் வந்து இறங்கினார். அதற்கு முன் இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை. பஞ்சாபையும் வங்காளத்தையும் இரண்டாக வெட்டி ஒரு கோடு போட வேண்டும். கொடுத்த டைம் ஐந்து வாரம். நம்ம ஊரில் ஒரு வாய்க்கால் வரப்புத் தகராறு கோர்ட்டில் எத்தனை வருஷம் நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க!

இன்னொரு கொடுமை, அந்தக் கோட்டை வெளியில் சொன்னது ஆகஸ்ட் 17-ம் தேதி. அதாவது சுதந்திரம் கிடைத்து இரண்டு நாள் கழித்து! கொடி ஏற்றி இனிப்பு கொடுத்தவர்களில் பலருக்கு, தங்கள் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்றே நிச்சயமாகத் தெரியாது. அடுத்த சில மாதங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இடம் மாறினார்கள். செத்தவர்கள் 2 லட்சம் என்பாரும் உண்டு, 10 லட்சத்துக்கும் மேல் என்பாரும் உண்டு. எண்ணி முடிக்க ஆள் இல்லாத சாவு அது.

அருங்காட்சியகத்தில் ஒரு கிணறு வைத்திருக்கிறார்கள். கலவரக் கும்பலிடம் சிக்காமல் இருக்க ஊர்க் கிணறுகளில் குதித்த பெண்களின் நினைவாக. அங்கே நிற்கிற யாரும் பேசுவதில்லை. அதுவரை வாய் மூடாத காலேஜ் பசங்க கூட!

இன்னொரு கண்ணாடிப் பெட்டிக்குள் பூவேலை செய்த ஃபுல்காரி கோட்டு ஒன்று. கூடவே ஒரு தோல் பெட்டி. கோட்டு ஒரு பெண்ணுடையது, பெட்டி ஒரு பையனுடையது. இரண்டு பேருக்கும் பிரிவினைக்கு முன்பே பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். கலவரத்தில் குடும்பங்கள் திசைக்கொன்றாய்ச் சிதறின. பிறகு இதே அமிர்தசரஸில், அகதி முகாமில், சாப்பாட்டு வரிசையில் நின்றபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கல்யாணமும் நடந்தது. சினிமாவில் வந்தால் 'ஓவர்டா' என்று சிரித்திருப்போம்!

போயிட்டு வந்துடலாம்!

பஞ்சாபில் பிரிவினைக் கதை கேட்டால் அடிக்கடி காதில் விழுவது ஒரு சாவி. கலவரம் அடங்கியதும் திரும்பி வந்துடலாம் என்று நினைத்து, கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பியவர்கள் ஏராளம். சிலர் நகையை முற்றத்தில் புதைத்தார்கள். சிலர் பக்கத்து வீட்டுக்காரரிடம், 'எருமைக்குத் தண்ணி காட்டுங்க' என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

திரும்பிப் போகவே இல்லை. அவர்கள் விட்டுவந்த வீட்டில், இந்தப் பக்கம் வீட்டை இழந்து போன வேறொரு குடும்பம் குடியேறியது. இங்கேயும் அதே கதைதான். 1947-க்கு முன் அமிர்தசரஸ் நகரத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் முஸ்லிம்கள். அவர்கள் காலி செய்த தெருக்களில் லாகூரில் இருந்து வந்தவர்கள் அடுப்பு மூட்டினார்கள். உருது எழுத்தாளர் மண்ட்டோ வளர்ந்தது இந்த அமிர்தசரஸ் சந்துகளில். 1948-ல் லாகூர் போனவர், 1955-ல் அங்கேயே இறந்துபோனார். லாகூருக்கும் அமிர்தசரசுக்கும் நடுவில் 50 கிலோமீட்டர்தான். சென்னையில் இருந்து மகாபலிபுரம் போகிற தூரம்!

நிலக்கணக்கு இன்னும் மோசம். மேற்குப் பஞ்சாபில் இந்துக்களும் சீக்கியர்களும் விட்டுவந்தது சுமார் 67 லட்சம் ஏக்கர். கிழக்கே பங்கிட இருந்ததோ 47 லட்சம் ஏக்கர். எனவே எல்லாருக்கும் வெட்டு. நிறைய வைத்திருந்தவருக்குப் பெரிய வெட்டு, கொஞ்சம் வைத்திருந்தவருக்குச் சின்ன வெட்டு. நிலத்துக்காவது கணக்குப் போட்டு ஏதோ கொடுத்தார்கள். முற்றத்து வேப்பமரத்துக்கு எந்த ஆபீசில் மனு கொடுப்பது?

சிந்திக்காரர்கள் நிலை வேறு மாதிரி. சிந்து மாகாணத்தில் கோடே போடவில்லை, முழுசாக அந்தப் பக்கம் போய்விட்டது. பஞ்சாபிக்குப் பாதிப் பஞ்சாபாவது மிஞ்சியது, சிந்திக்கு ஒரு மாவட்டம் கூட இல்லை. மும்பைக்குப் பக்கத்தில் கல்யாண் ராணுவ முகாமில் வந்து ஒண்டியவர்கள், அதையே உல்லாஸ்நகர் என்ற ஊராக்கினார்கள். ஹைதராபாத் போனால் டப்பா டப்பாவாய் பிஸ்கட் வாங்கி வருகிறோமே கராச்சி பேக்கரி, அதுவும் ஒரு சிந்தி அகதி 1953-ல் ஆரம்பித்த கடைதான். விட்டுவந்த ஊரைப் போர்டில் எழுதி மாட்டிவிட்டார், அவ்வளவுதான்!

லாகூரிலும் இப்படித்தான். லட்சுமி சவுக் என்ற நாற்சந்திக்கு அரசாங்கம் வேறு பெயர் வைத்த பிறகும் ஜனங்கள் வாயில் அது லட்சுமி சவுக்தான். வீட்டுக்காரர் போனாலும் பேர் காலி செய்யவில்லை.

பெரிய ஆளுக்கும் அதே ஏக்கம்

மன்மோகன் சிங் பிறந்தது இன்றைய பாகிஸ்தானில் உள்ள காஹ் என்ற கிராமத்தில். 10 வருஷம் பிரதமராக இருந்தும் அந்த ஊரை அவர் போய்ப் பார்க்கவில்லை. 2008-ல், கூடப் படித்த பால்ய நண்பர் ஒருவர் எல்லை தாண்டி டெல்லி வந்தார். என்ன கொண்டுவந்தார் தெரியுமா? காஹ் மண்ணும் தண்ணீரும்! 2024 டிசம்பரில் மன்மோகன் சிங் மறைந்தார். ஊர் பாக்கியாகவே நின்றுவிட்டது.

முஷாரஃப் பிறந்தது பழைய டெல்லியில். 2001-ல் ஆக்ரா பேச்சுவார்த்தைக்கு வந்தபோது, தான் பிறந்த ஹவேலியைத் தேடிப் போய்ப் பார்த்தார். அத்வானி 2005-ல் கராச்சியில் தான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். மேடையில் எதிர் எதிர் அணி, வீடு என்று வந்தால் எல்லாரும் பேரப்பிள்ளைகள்தான்.

பதவி இல்லாதவர்களுக்கு விசாதான் மலை. 2022 ஜூலையில் புனேயில் இருந்து 90 வயதான ஒரு பாட்டி ராவல்பிண்டி போனார். 15 வயசில் விட்டுவந்த வீட்டை 75 வருஷம் கழித்துப் பார்க்க. தெருவே திரண்டு மேளம் அடித்து, பூத் தூவி வரவேற்றது. அதே வருஷம் ஜனவரியில் கர்தார்பூர் குருத்வாராவில் இரண்டு அண்ணன் தம்பிகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். 1947-ல் கைக்குழந்தையாகப் பிரிந்த தம்பியை அண்ணன் 74 வருஷம் கழித்துப் பார்த்த நாள் அது. தேடிக் கண்டுபிடித்து உதவியது பாகிஸ்தான் இளைஞர்கள் நடத்தும் 'பஞ்சாபி லெஹர்' யூடியூப் சேனல். நம்ம வயசுப் பசங்கதான்!

கதவு சாத்தியாச்சு

1976-ல் ஓடத் தொடங்கிய சம்ஜவ்தா எக்ஸ்பிரஸ் 2019-ல் நின்றது. 1999-ல் கிளம்பிய டெல்லி - லாகூர் பஸ்ஸும் அதே வருஷம் நின்றது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு அட்டாரி சோதனைச்சாவடியை மூடினார்கள். அடுத்த மாதம் கர்தார்பூர் பாதையும் மூடப்பட்டது. காரணங்கள் இருக்கலாம். ஆனால் 1947-ல் 10 வயசுப் பிள்ளையாக இருந்தவர் இன்று 90-ஐ நெருங்குகிறார். கதவு மறுபடி திறக்கும்வரை அவர் இருப்பாரா?

வீட்டைக் காட்ட முடியாது, சரி. கதையையாவது கேட்கலாம் இல்லையா? '1947 பார்ட்டிஷன் ஆர்க்கைவ்' என்ற அமைப்பு 2010-ல் இருந்து 10,000-க்கும் மேற்பட்டவர்களின் நினைவுகளைப் பதிவு செய்திருக்கிறது. அதற்குப் பலரும் தன்னார்வலர்களாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு பேட்டி எடுத்துத் தருகிறார்கள்.

அவ்வளவு கூட வேண்டாம். உங்க ஹாஸ்டலில் ஒரு பஞ்சாபியோ சிந்தியோ வங்காளியோ இருப்பார். 'உங்க தாத்தா எந்த ஊர்?' என்று கேட்டுப் பாருங்க. மேப்பில் நாம தேடாத ஒரு பேரைச் சொல்லுவார். 'வீடு எப்படி இருக்கும்னு சொல்லியிருக்காரா?' என்று அடுத்த கேள்வியையும் கேளுங்க. தெரியலைன்னு சொன்னால், அன்றைக்கு ராத்திரியே தாத்தாவுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க.

போகிறவர்களுக்கு: புது டெல்லியில் இருந்து அமிர்தசரசுக்கு சதாப்தி ரயிலில் சுமார் ஆறு மணி நேரம். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை லீவு. குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்க. கடைசியில் ஒரு நம்பிக்கை மரம் இருக்கு. இலை வடிவக் காகிதத்தில் ஒரு வரி எழுதி அதில் மாட்டலாம். தமிழிலேயே எழுதுங்க பாஸ்!