ஆயிரத்து இருநூறு ரூபா சுருட்டு

மூணாவது செமஸ்டர் மேத்ஸ் பேப்பர் ஞாபகம் இருக்கா? உங்கள்ல பல பேருக்கு அது ஒரு செமஸ்டரோட முடிஞ்ச கதை. எனக்கு ரெண்டு வருஷம் ஓடுச்சு. நாலு தடவை எழுதி ஃபெயில். கேம்பஸ்ல வேலை கிடைச்சு ஆஃபர் லெட்டர் மெயில்ல வந்துருச்சு. ஆனா அதுலயே ஒரு வரி: அரியர் இருந்தா சேர முடியாது. அஞ்சாவது தடவை ரிசல்ட் வந்த அன்னிக்கு, ஃபோன் ஸ்க்ரீன்ல பாஸ்னு பாத்துட்டு அஞ்சு நிமிஷம் பஸ் ஸ்டாண்ட்லயே நின்னுட்டு இருந்தேன்.

பிரியாணி எல்லாரும் சாப்பிடுவாங்க. எனக்கு சிகார் வேணும்னு தோணுச்சு. படத்துல ஜெயிச்சவன் சோஃபால சாஞ்சு உக்காந்து பிடிப்பானே, அது. கோயம்புத்தூர் போய் ஒண்ணே ஒண்ணு வாங்கினேன். டொமினிகன் ரிபப்ளிக் சரக்கு, கண்ணாடிக் குழாய்ல இருந்துச்சு. விலை 1,200 ரூபா. கடைக்காரர் பாடமே எடுத்தார்: உள்ள இருக்குறது ஃபில்லர், அதைக் கட்டிப் பிடிக்குறது பைண்டர், மேல சுத்துற அழகான இலை ராப்பர். புகையை நெஞ்சுக்குள்ள இழுக்கக் கூடாது, வாயிலயே வெச்சு விடணும்.

சாயங்காலம் பொள்ளாச்சில எங்க தென்னந்தோப்பு. வாய்க்கால்ல ஆழியாத்துத் தண்ணி ஓடிட்டு இருந்துச்சு. முதல் அஞ்சு நிமிஷம் நான் ராஜா. காபிக்கொட்டை வறுக்குற மாதிரி ஒரு வாசம். பாதி முடியுறதுக்குள்ள கை சில்லுன்னு ஆச்சு, வேர்த்துச்சு, தலை சுத்துச்சு. தென்னைமரத்தைப் பிடிச்சுட்டு வாந்தி எடுத்தேன். உள்ள இழுக்கவே இல்லையே, அப்புறம் எப்படி? பின்னாடி படிச்சப்பதான் புரிஞ்சுது. சிகார் புகை காரத்தன்மை உள்ளது. அதனால நிகோட்டின் வாயோட சவ்வு வழியாவே ரத்தத்துல ஏறிரும். பெரிய சிகார் ஒண்ணுல ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். ‘உள்ள இழுக்கலைன்னா ஒண்ணும் ஆகாது’ங்கிறது நமக்கு நாமே சொல்லிக்கிற சமாதானம்.

மிச்சப் பாதியைக் குழாய்லயே போட்டு வீட்டுக்கு வந்தேன். அம்முச்சி ஆசாரத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டு இருந்தாங்க. நான் பக்கத்துல போனதும் கை நின்னுருச்சு.

“என்ன கண்ணு, உங்க அப்புச்சி வாசம் அடிக்குது?”

திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேன்.

அப்புச்சி தினமும் ராத்திரி சாப்பிட்டதும் கயித்துக் கட்டில்ல உக்காந்து ஒரு சுருட்டு பத்த வெப்பார். நான் இங்கிலீஷ் மீடியம். ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் வீட்டுக்கு வந்தா, “அப்புச்சி, பொடக்காளிக்குப் போய் பிடிங்க”ன்னு சொல்லுவேன். அவரும் பேசாம எந்திரிச்சுப் போவார். நான் ஏழாவது படிக்கும்போது வாய்ப் புற்றுநோய்ல இறந்துட்டார்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஃபோனை எடுத்துத் தேடினேன். இங்கிலீஷ்ல ‘ஷெரூட்’னு ஒரு வார்த்தை இருக்குல்ல, அதுவே நம்ம ‘சுருட்டு’ல இருந்து போனது. திருச்சி உறையூர்ல சுத்துன சுருட்டு, பிரிட்டிஷ் காலத்துல ‘டிரிச்சினாப்போலி’ங்கிற பேர்ல கப்பல் ஏறியிருக்கு. ஷெர்லக் ஹோம்ஸ் முதன்முதலா வந்த 1887 நாவல்ல, கொலைகாரன் பிடிச்சது திருச்சி சுருட்டுன்னு கீழ கிடந்த சாம்பலை வெச்சே கண்டுபிடிக்கிறார். அவ்வளவு தூரம் ஏன், இங்கிருந்து பழனி வழியா திண்டுக்கல் போனா அதுவும் சுருட்டுக்குப் பேர்போன ஊர்தான். பக்கத்துல வேடசந்தூர்ல புகையிலைக்குன்னு ஆராய்ச்சி நிலையமே ஆரம்பிச்சாங்க.

கண்ணாடிக் குழாய்ல இருந்தா பிரீமியம், கயித்துக் கட்டில்ல இருந்தா பட்டிக்காடு. நான் 1,200 ரூபா குடுத்து வாங்குன கௌரவத்தைத்தான் ஏழாவது வரைக்கும் பொடக்காளிக்கு விரட்டிட்டு இருந்திருக்கேன். ஒண்ணு மட்டும் ரெண்டுலயும் மாறாம இருந்துச்சு. அப்புச்சி வாயைத் தின்னது எதுவோ, அது இந்தக் குழாய்க்குள்ளயும் இருக்கு.

அடுத்த அமாவாசைக்கு அம்முச்சி கையில காசைக் குடுத்து, “ஒரு கட்டு சுருட்டு வாங்கியா சாமி”ன்னாங்க. நான் முழிச்சேன். பேரன் பரீச்சை பாஸாகி வேலைக்குப் போனா கருப்பராயனுக்குச் சுருட்டு வெக்கிறேன்னு வேண்டியிருக்காங்க. ரெண்டு வருஷமா, நாலு ஃபெயிலுக்கும், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம.

எனக்கு ஒரு யோசனை. ட்ராயர்ல இருந்த பாதிச் சிகாரைக் காட்டி, “இதையும் வெச்சுரலாங்களா அம்முச்சி? வெளிநாட்டுச் சரக்கு”ன்னு கேட்டேன்.

“எச்சப் பண்ணுனதைச் சாமிக்கு வெப்பாங்களா?”ன்னு வாங்கி அடுப்புல போட்டாங்க. அறுநூறு ரூபா, சோத்துப்பானைக்கு அடியில எரிஞ்சுது.

கோயில்ல பூசாரி சுருட்டைப் பத்த வெச்சு கருப்பராயன் முன்னாடி வெச்சார். அந்த வாசம் வந்ததும் அம்முச்சி கண்ணை மூடிட்டாங்க. அது சாமிக்கா, அப்புச்சிக்கான்னு நான் கேக்கலை. திரும்பி வரும்போது அவங்களே சொன்னாங்க:

“நீ பாஸான சேதி கேட்டிருந்தா உங்க அப்புச்சி அன்னிக்கு ரெண்டா பத்த வெச்சிருப்பாரு.” நாலு எட்டு நடந்துட்டு, “அதுக்கு அவரு இருக்கோணுமில்ல”ன்னாங்க.

இதைப் படிக்கிற உங்கள்ல யாருக்காவது இன்னும் அரியர் பாக்கி இருக்கும். கிளியர் ஆன அன்னிக்கு என்னைக் கூப்பிடுங்க, பொள்ளாச்சி வாங்க. எங்க தோப்புல இளநி வெட்டித் தர்றேன். அதுக்கு முன்னாடி வீட்டுல கேட்டுப் பாருங்க. உங்களுக்குத் தெரியாம உங்க பேருல யாராவது எதையாவது வேண்டி வெச்சிருப்பாங்க.