கூண்டு கழுவியவன் சொல்வது

சென்ற ஆண்டு, வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களுக்கான ஒரு பயிலரங்கில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அறிமுகம் செய்த தம்பி, "சார் பாம்புப் பண்ணையில கூண்டு கழுவிட்டிருந்தவர்" என்றார். முன்வரிசையில் சிரிப்பு. பொய்யில்லை, ஓய்வு பெறும்வரை கூண்டுதான் கழுவினேன். அன்றைக்கு எனக்குத் தந்த தலைப்பு பாம்புக்கு வரும் மூச்சு நோய். அதைக் கூண்டு கழுவுகிறவனுக்கு முன்னால் வேறு யார் பார்த்துவிட முடியும்? பத்து நிமிடத்தில் மைக்கை வாங்கிவிட்டார்கள். மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.

கண்ணாடியில் மூக்கு உரசிய இடத்தில் காய்ந்த கோழைத் தடம். தண்ணீர்ச் சட்டி விளிம்பில் வழவழப்பு, தண்ணீரில் நூல் நூலாய் எச்சில். எலியைச் சுற்றிப் பிடித்துவிட்டு விழுங்காமல் போட்டுவிட்டுப் போயிருக்கும். இதெல்லாம் காலையில் துடைக்கிறவன் கண்ணில் படுவது. இவற்றோடு, இரவெல்லாம் சூடான மூலையை விட்டு நகராமல் தலையை மேலே தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தால் நான் வேறு எதையும் தேட மாட்டேன். பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, நம்மைப்போல் இருமித் துப்ப முடியாது. விலா எலும்பை அசைத்துத்தான் மூச்சு. சாரைக்கும் நாகத்துக்கும் வலது நுரையீரல்தான் உருப்படி. மலைப்பாம்புக்கு இரண்டும் உண்டு, இடது சின்னது. நீளப் பையாக இருக்கும் அந்த நுரையீரலில் சேர்ந்த கோழை பின்னால் இறங்கித் தங்கிவிடும். சீழ் பிடித்தாலும் ஒழுகாது, திரிந்த பால் மாதிரி கட்டியாகும். தலையைத் தூக்கினால்தான் கொஞ்சமாவது காற்று போகும் என்று அது நிமிர்ந்து கிடக்கிறது. "செம போஸ்" என்று படம் எடுத்துப் போடுகிறார்கள்.

பயிலரங்குக்கு வந்தவர்கள் கேட்டதெல்லாம் சத்தத்தைப் பற்றி. அதுதான் இந்தத் தொழிலிலேயே சிக்கலான இடம். மூச்சில் விசில் வருகிறது என்றால் நோயாகவும் இருக்கலாம், சட்டை கழற்றப் போகிறதாகவும் இருக்கலாம். கண் வெளுத்து, மூக்குத் துளையில் பழைய தோல் ஒட்டிக்கொண்டிருந்தாலே சத்தம் வரும். கோபத்தில் சீறுவது வேறு. இரை விழுங்கிய பின் தாடையைச் சரிசெய்ய வாயைப் பிளப்பது வேறு. அதைப் பார்த்துப் பயந்து ஓடி வருகிறவர்கள் ஏராளம்.

இந்தச் சத்தங்களைப் பிரித்துக் காட்டியவர் எங்கள் பண்ணையில் இருந்த ஓர் இருளர் பெரியவர். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு வடநெம்மேலியில் பாம்பு பிடித்துக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தவர். அங்கே விஷம் எடுக்கும் பாம்புகளை மணல் போட்ட மண்பானையில் விட்டு வாயைத் துணியால் கட்டிவைப்பார்கள். பானைக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாதல்லவா, எனவே அவருக்கு எல்லாமே காதுதான். பானை வரிசையில் நடந்துகொண்டே "இதுல மணல் ஈரம், மாத்து" என்பார். திறந்தால் ஈரமாகத்தான் இருக்கும். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அண்ணே என்று கேட்டால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார். பல வருடம் எனக்கு அது பெரிய எரிச்சல்.

ஒருநாள், சத்தம் போடும் ஒரு சாரையை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். அதைப் பாம்பின் மேல் போட்டு, தலையிலிருந்து ஏறக்குறைய கால் பங்கு தூரத்தில் காதை வைத்தார். அங்கிருந்து பாதி உடம்புவரை மெல்லக் காதை நகர்த்திக்கொண்டே போனார். "இப்ப நீ கேளு." வெறும் செதிலில் காது வைத்தால் செதில் உரசும் சத்தம்தான் வரும். ஈரத்துணி அதை அடக்கிவிடுகிறது. உள்ளே எண்ணெயில் கடுகு பொரிவதுபோல என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஈரமான பொடிப்பொடிச் சத்தம், மூச்சு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும். அது நெஞ்சில். விசில் வறண்டது, மூக்கில். "மூக்குச் சத்தம் சட்டையோட போயிடும், நெஞ்சுச் சத்தம் போவாது. சட்டைய எடுத்து மூஞ்சிப் பக்கம் பாரு, மூக்கு ஓட்டை ரெண்டும் சுத்தமா கழண்டிருக்கான்னு" என்றார். அவர் என்னிடம் அத்தனை நீளமாகப் பேசியது அன்றுதான். சாரை, மலைப்பாம்புக்கு மட்டும்தான் இந்தப் பாடம்; நாகத்திடம் காதைக் கொண்டுபோகக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பின்னாளில் நான் பார்த்த ஒரு கால்நடை மருத்துவர், ஸ்டெதாஸ்கோப்பை நாய்க்கு வைப்பதுபோலக் கழுத்துக்குப் பக்கத்தில் வைத்து "கிளியர்" என்றார். துணியை நனைத்து நீட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. 2023இல், எங்கள் பெரியவரைப் போலப் பாம்பு பிடிக்கிற வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். படம் எடுத்துக்கொள்ள அவர்களைச் சுற்றி நின்றவர்களில் எத்தனை பேர் ஒரு சந்தேகமாவது கேட்டிருப்பார்கள்?

இப்போது வருவதெல்லாம் பால் பைத்தான். நம்மூர்ப் பாம்பை வீட்டில் வைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனவே ஆப்பிரிக்கப் பாம்பு. வெளிநாட்டு இனத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2022 திருத்தம் சொல்கிறது, எத்தனை பேர் செய்கிறார்கள் என்பது வேறு கதை. பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26 டிகிரியாவது வேண்டும். வளர்க்கிறவர்கள் படுக்கையறையில் ஏசியை 22இல் ஓடவிட்டு, சட்டை நன்றாகக் கழல வேண்டுமென்று பெட்டிக்குள் தண்ணீரும் தெளிக்கிறார்கள். குளிரும் ஈரமும் காற்றோட்டமில்லாத பெட்டியும் சேர்ந்தால் எந்தப் பாம்புக்கும் நெஞ்சு கட்டும். செதிலிடுக்கில் உண்ணிப்பூச்சி இருந்தால் இன்னும் சீக்கிரம்.

அப்புறம் வாட்ஸாப்பில் வீடியோ வரும். "அங்கிள், பாம்பு பாடுது." மூக்கில் குமிழி தெரியும். கேட்டால், கடையில் சொன்ன ஆன்டிபயாடிக்கை மூன்று நாள் கொடுத்தாகிவிட்டது என்பார்கள். குளிர்ந்து கிடக்கிற பாம்புக்கு மருந்து வேலை செய்யாது. உடம்புச் சூடு ஏறினால்தான் அதன் எதிர்ப்பு சக்தியே எழுந்திருக்கும். எந்தக் கிருமி என்று தெரியாமல் மருந்து கொடுப்பதும் குருட்டு வேலை. மூச்சுக்குழலைக் கழுவி எடுத்த நீரைப் பரிசோதித்து, அதற்கேற்ற ஊசி போட வேண்டும். சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் போன்றவை இருந்தால் மருந்து உண்டு. மலைப்பாம்புகளில் 2014இல் கண்டறிந்து சொன்ன நிடோவைரஸ் என்றால் வைரஸைக் கொல்லும் மருந்தே இல்லை.

அந்த வைரஸ் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் வாங்கிய பாம்போடுதான். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்தவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. டப்பாவுக்குள் திணித்து, விமானக் குளிரில், பட்டினியில், ஒன்றின் மூச்சு இன்னொன்றின் மேல் படக் கொண்டுவருகிற பாம்பு எப்படி இருக்கும்? பிடிபடாமல் வருவதைத்தான் ரசீது இல்லாமல் விற்கிறார்கள். விற்கிறவன் அதன் கூண்டைக் கழுவியிருக்க மாட்டான்.

எனவே புதிதாக வாங்குகிறவர்களுக்கு: மூன்று மாதம் வேறு அறையில் வையுங்கள். அதற்குத் தனிக் கொக்கி, தனித் தண்ணீர்ச் சட்டி. தினமும் பழைய பாம்புகளின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாக அதனிடம் போங்கள், வந்ததும் கையைக் கழுவுங்கள். வாயிலிருந்து பஞ்சில் எடுத்து வைரஸ் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை யாருக்கும் கையில் தூக்கிக் கொடுக்காதீர்கள்.