மணலும் காற்றும் அண்ணி சொன்ன கடிதமும்

பிரெஞ்சில் இந்தப் பந்தயத்துக்கு 'மாரத்தோன் தே சாப்ல்' என்று பெயர். மணல் மாரத்தான் என்று சொல்லலாம். ஆனால் மூலத்தில் மணல் பன்மையில் இருக்கிறது. தமிழில் 'மணல்கள்' என்று எழுதினால் தமிழாசிரியர் காதைத் திருகியிருப்பார். பரந்து கிடக்கும் மணல்வெளியைச் சொல்ல பிரெஞ்சுக்காரனுக்குப் பன்மை வேண்டும்.

மொரோக்கோவின் தெற்கே, சகாராவில், வருஷா வருஷம் நடக்கிறது. சாதாரண மாரத்தான் 42 கிலோமீட்டர். இது ஒரு வாரத்தில் சுமார் 250 கிலோமீட்டர். அதில் ஒரு கட்டம் மட்டும் எண்பது கிலோமீட்டருக்கு மேல். பாண்டியில் கிளம்பி கடலூர், சிதம்பரம் எல்லாம் தாண்டி சீர்காழி வரைக்கும் கால்நடையாகப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தார் ரோடு இல்லை, டீக்கடை இல்லை, புளியமரம் இல்லை.

பத்ரிக் பாவேர் என்கிற பிரெஞ்சுக்காரர் 1984-ல் முதுகில் மூட்டையோடு தனியாளாக சகாராவில் 350 கிலோமீட்டர் நடந்தார். பன்னிரண்டு நாள் ஆயிற்று. தான் பட்ட பாட்டை மற்றவர்களும் படட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, 1986-ல் பந்தயமாகவே தொடங்கிவிட்டார். முதல் வருஷம் வந்தவர்கள் 23 பேர். இப்போது ஆயிரம் பேர்போல வருகிறார்கள். இதற்கு மூவாயிரம் யூரோவுக்கு மேல் கட்டணம் வேறு. எங்கள் வீட்டில் இதை முதலில் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. ஓடப் போவது அவருடைய பேத்தி.

என் அண்ணன் என்னைவிடப் பதினான்கு வயது பெரியவர். பதினெட்டு வயதில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து கப்பல் ஏறிவிட்டார். பாண்டிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், 'சொல்தா' என்றால் போதும். அல்ஜீரியாவில் சில வருஷம் இருந்தார். அதைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்தது மிகக் குறைவு. சண்டை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கேட்டால் "அங்க காத்து அடிக்கும்" என்பார், அவ்வளவுதான். அவர் மகன் துலூசில் குடியேறி, அங்கே பிறந்தவள் இந்தப் பெண். மருத்துவமனையில் நர்ஸ். தாத்தா வாய் திறக்காத அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். "பந்தயம் மொரோக்கோவில், தாத்தா இருந்தது அல்ஜீரியாவில்" என்று சொல்லிப் பார்த்தேன். "மணலுக்கு பாஸ்போர்ட் உண்டா, சின்னத் தாத்தா?" என்று கேட்டாள்.

காற்று என்றால் நமக்கு 2011 டிசம்பர் 30 நினைவுக்கு வரும். தானே புயல். மரங்கள் விழுந்தன, கம்பங்கள் சாய்ந்தன, நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆனால் அது ஈரக் காற்று. ஷெர்கி என்று மொரோக்கோக்காரர்கள் சொல்வது கிழக்கே சகாராவிலிருந்து வரும் காய்ந்த காற்று. அடுப்பு வாயில் நிற்பது போல இருக்கும். அதில் ஓடுகிறவனுக்கு வியர்ப்பதே தெரியாது. தோலுக்கு வந்ததுமே காய்ந்துவிடும். சட்டையில் உப்பு மட்டும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். வியர்க்கவில்லையே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அங்கேதான் ஆபத்து. அதனால் தண்ணீரோடு உப்பு மாத்திரையும் கொடுத்துவந்தார்கள்.

மணல் பறப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பாக்னோல்ட் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் லிபியப் பாலைவனத்தில் அலைந்து, அதைப் பற்றி 1941-ல் ஒரு புத்தகமே எழுதினார். மணல் துகள் தூசி மாதிரி மிதப்பதில்லை. எண்ணெயில் கடுகு வெடிப்பது போலத் துள்ளும்; விழுந்த இடத்தில் இன்னொன்றைத் துள்ள வைக்கும். பெரும்பாலான மணல் முழங்கால் உயரத்துக்குள்தான் ஓடுகிறது. மெல்லிய தூசிதான் மேலே எழும்பி வானத்தை மறைக்கிறது. ஆகவே கெண்டைக்காலில் ஊசி குத்தும், மூக்கிலும் கண்ணிலும் மாவு அப்பும். முன்னால் போனவனின் காலடித் தடம் சற்று நேரத்தில் காணாமல் போகும்.

மணல் காலணிக்குள் போவதுதான் ஓட்டக்காரர்களின் முதல் எதிரி. உள்ளே ஒரு சிட்டிகை போனால் போதும், இருபது கிலோமீட்டரில் பாதம் முழுக்கக் கொப்புளம். அதற்காகக் காலணியைச் சுற்றி வெல்க்ரோ பட்டை தைத்து, அதன் மேல் பாராசூட் துணியில் முழங்கால்வரை உறை போட்டுக்கொள்கிறார்கள். பொங்கலுக்கு வந்தபோது அந்தக் காலணியையும் கொண்டுவந்திருந்தாள். எங்கள் தெருமுனையில் உட்காரும் செருப்புத் தைப்பவரிடம் அழைத்துப் போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புது ஷூவை எதுக்கு சார் ஊசி போடணும்?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், பசை வெயிலில் இளகிவிடும், தையல்தான் நிற்கும், ஆனால் அடிப்பாகத்தோடு சேர்த்துத் தைத்தால் ஊசி ஓட்டை வழியாகவே மணல் உள்ளே வரும் என்று சொல்லி, மெழுகு தடவிய நூலால் மேல்விளிம்பில் இரண்டு வரி தைத்துக் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இதெல்லாம் அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பந்தயத்தின் ஏற்பாடுகளைப் படித்தபோது, குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஒரு மகிழ்ச்சி. அவரவர் சாப்பாட்டை அவரவர் சுமக்க வேண்டும். நாளைக்குக் குறைந்தது 2000 கலோரி. திசைகாட்டி, விசில், கத்தி, சமிக்ஞைக் கண்ணாடி, விஷம் உறிஞ்சும் குழல் எல்லாம் கட்டாயம். முன்கூட்டியே பரிசோதனை உண்டு. அப்போதெல்லாம் தண்ணீருக்குக் கார்டு இருந்தது. வாங்கும்போதெல்லாம் அதில் அடையாளம் இடுவார்கள், நம் ரேஷன் கடை போலவே. பாட்டிலில் ஓட்டக்காரரின் எண்ணை எழுதிவிடுவார்கள். வழியில் எறிந்தால் யார் எறிந்தது என்று தெரிந்துவிடும். எல்லோருக்கும் கடைசியில் இரண்டு ஒட்டகங்கள் நடந்து வரும். அவை உங்களைத் தாண்டிவிட்டால் உங்கள் பந்தயம் முடிந்தது.

இன்னொரு வசதியும் உண்டு. வீட்டார் இணையத்தில் செய்தி எழுதினால், அச்செடுத்து மாலையில் கூடாரத்துக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதல் இரண்டு நாள் நலம் விசாரித்து எழுதினேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பையன் கைபேசியில் எதையோ காட்டியிருக்கிறான். அண்ணி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அந்த இத்தாலிக்காரன் கதை என்ன தம்பி? முழுசா சொல்லுங்க."

மவுரோ ப்ரோஸ்பெரியின் கதை அது. பிரெஞ்சில் நான் முன்பே படித்ததுதான். திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். 1994 பந்தயம், அந்த நீண்ட கட்டம். அவர் போலீஸ்காரர், நல்ல விளையாட்டு வீரர், முன்வரிசையில் ஓடிக்கொண்டிருந்தார். மணல் புயல் வந்தது. நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது விதி. இடம் போய்விடுமே என்று அவர் நகர்ந்துகொண்டே இருந்தார். காற்று அடங்கியபோது எந்தப் பக்கமும் ஆள் இல்லை. ஹெலிகாப்டர் வந்தது, வாணம் விட்டார், அவர்கள் பார்க்கவில்லை. பாழடைந்த ஒரு முஸ்லிம் பெரியவரின் சமாதிக் கட்டடத்தில் ஒதுங்கி, வௌவாலைப் பிடித்துத் தின்று, தன் சிறுநீரையே குடித்து உயிரோடு இருந்தார். ஒரு கட்டத்தில் தன்னை முடித்துக்கொள்ளவும் முயன்றார், அதுவும் நடக்கவில்லை. பிறகு, வழி தவறினால் விடியலில் தொடுவானத்தில் தெரியும் மேகத்தை நோக்கி நட என்று துவாரெக் மக்கள் சொல்லியிருந்தது ஞாபகம் வர, அதை நோக்கி நடந்தார். ஒன்பது நாளுக்குப் பிறகு ஆடு மேய்க்கும் சிறுமி ஒருத்தியின் கண்ணில் பட்டார். அது அல்ஜீரியா! பாதையிலிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் விலகியிருந்தார். எடை மிகவும் குறைந்திருந்தது.

"ஆட்டுப்பால் குடுத்தாங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"குடுத்தாங்க."

"அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாளைக்கு இவளுக்கும் அந்த நீளமான ஓட்டமா?"

ஆமாம் என்றேன். இப்போது ஒவ்வொருவரிடமும் செயற்கைக்கோள் கருவி இருக்கிறது, இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்றும் சொன்னேன். அவர் கேட்டமாதிரி தெரியவில்லை. "எழுதுங்க தம்பி. கண்ணு, ஆயா வாசல்லயே காத்துக்கிட்டிருக்கேன். நீ வந்துடு. அவ்வளவுதான்."

பேத்திக்குத் தமிழ் பேச்சு அரைகுறை, எழுத்து தெரியாது. ஆகவே அண்ணி சொன்ன தமிழை அப்படியே பிரெஞ்சு எழுத்தில் எழுதினேன். நம் 'உ' ஒவ்வொன்றுக்கும் பிரெஞ்சில் இரண்டு எழுத்து வேண்டும். 'வந்துடு' பார்க்க விசித்திரமாக இருந்தது. பந்தயத்தை விட்டுவிட்டு வா என்றுதான் அண்ணி சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் பிறர் சொன்னதை எழுதிப் பழகியவன். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

நடந்ததை அவள் அடுத்த ஜனவரியில் சொன்னாள். இரண்டாம் நாள் மதியமே காற்று பிடித்துக்கொண்டதாம். கூடாரம் என்பது கறுப்புக் கம்பளித் துணியைக் குச்சிகளில் தாங்கி நிறுத்தியதுதான். எட்டு பேர் படுக்கலாம். ராத்திரி அது சாய்ந்து முகத்தின் மேல் விழுந்தது. ஆளுக்கு ஒரு மணி நேரம் குச்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சோற்றில் மணல், பல்லில் மணல், காதில் மணல். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் மூன்றாம் நாள் விலகினார். கண் வீங்கிப் பார்வை மங்கிவிட்டது. குழந்தைபோல அழுதார் என்றாள்.

நீண்ட கட்டத்தில் இருட்டியபின்தான் உண்மையான சோதனை. தலையில் கட்டிய விளக்கைப் போட்டால் எதிரே மஞ்சள் சுவர் மட்டும் தெரியும். ஒவ்வொருவர் முதுகுப்பையிலும் ஒளிரும் குச்சி ஒன்று இருக்கும். முன்னால் போன ஒருவரின் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று மணி நேரம் நடந்தாளாம். அவர் நின்றால் நின்றாள். அவர் முகத்தைக் கடைசிவரை பார்க்கவில்லை. ஐம்பதாவது கிலோமீட்டர்போல ஒரு சோதனைச் சாவடி. உள்ளே சிலருக்கு சலைன் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் அல்லவா, தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தாள்; விலகிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டாள். பையில் பிளாஸ்டிக் உறைக்குள் அண்ணியின் கடிதம் இருந்தது. வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நீ வந்துடு."

"வந்து சேர்ந்துவிடு என்று ஆயா சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன், சின்னத் தாத்தா. எழுந்து நடந்தேன்" என்றாள். மறுநாள் பகலில் எல்லையை எட்டினாள். கால விரல் நகங்கள் நாலு போயின. இடது காலணியில் நம்மவர் தைத்த தையல் கடைசிவரை நின்றது. வலதில் கல்லில் உரசி ஓர் இடம் பிரிந்தது.

அண்ணியிடம் நான் கேட்டேன்: "நீங்க எந்த வந்துடுவைச் சொன்னீங்க?" அவர் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வந்துட்டாள்ல?" என்றார்.

அந்தப் பந்தயத்தில் வெல்கிறவர்கள் இருபது மணி நேரம்போல ஓடி முடிக்கிறார்கள். லாஹ்சென் அஹன்சால் பத்து முறை, அவர் தம்பி மொகமத் ஐந்து முறை வென்றார்கள். இருவரும் அந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள். அந்தக் காற்று அவர்களுக்கு நம் கடற்கரைக் காற்று மாதிரி. எங்கள் வீட்டுப் பெண் எத்தனையாவதாக வந்தாள் என்று நான் கேட்டேன். சொன்னாள். இங்கே எழுதக் கூடாது என்று நிபந்தனை.

ஊருக்குத் திரும்பும் நாள் காலை, வாசலில் உட்கார்ந்து காலணியைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டாள். அங்கே ஒவ்வொரு காலையும் தேள் இருக்கிறதா என்று பார்த்துப் பழகிவிட்டதாம். அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார். "உங்க அண்ணனும் அப்படித்தான் தட்டுவாரு. நாப்பது வருஷம் கிண்டல் பண்ணியிருக்கேன்" என்றார். பிறகு, "வண்டி வந்துடுச்சு பாருங்க தம்பி, பெட்டியை எடுங்க" என்று உள்ளே போய்விட்டார்.